வெளியீடு எப்படி வௌியீடு ஆனது: ஒரு லைப்ரரியைப் பழுது பார்த்த குறிப்புகள்

அச்சகத்து அண்ணாச்சி காலை எட்டு மணிக்கே போன் செய்தார். "தம்பி, உங்க மெஷின் வெளியீட்டையெல்லாம் கெடுத்து வச்சிருக்கு. அட்டையிலேயே தப்பா வருது."

அவர் மெஷின் என்றது நாங்கள் எழுதிக் கொடுத்த எழுத்துரு மாற்றியை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை, எழுத்துகளுக்கான இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன புரோகிராம் அது. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 'வெளியீடு' இருக்க வேண்டிய இடத்தில் 'வௌியீடு' இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சில திரைகளில் மட்டும் நடுவில் ஒரு புள்ளி வட்டம் முளைத்து மானத்தை வாங்கும். இணையத்தில் இந்த 'வௌியீடு' நூற்றுக்கணக்கான இடங்களில் கிடக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு மாற்றியின் கைவரிசையாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். 'வெ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு வ. யூனிகோடில் உச்சரிப்பு வரிசை, அதனால் வ முதலில், கொம்பு பிறகு. மாற்றியின் வேலையில் பாதி இந்த இடமாற்றம்தான். போதாக்குறைக்கு, பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, ஆங்கில எஸ். கொம்பு, வ, எஸ் என்று வந்தால் அது வௌவாலின் 'வௌ'வா, வெளியீட்டின் 'வெள'வா என்று அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எங்கள் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'வௌ' ஆக்கியிருந்தது. வெள்ளியும் வெள்ளமும்கூட அப்படித்தான் போயிருந்தன.

பத்து நிமிட வேலை. எஸ்ஸுக்கு அடுத்து மேல்விலங்கோ துணைக்காலோ புள்ளியோ வந்தால் அந்த எஸ் தனக்கென்று ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வைத்திருக்கும் ளகரம். இல்லையென்றால் ஔகாரம். ஒரு நிபந்தனை சேர்த்தேன், முடிந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். கோப்பைத் திறந்ததுதான் திறந்தோம், நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த இன்னொன்றையும் சரிசெய்துவிடுவோம் என்று கை நீண்டது.

இரண்டு நாள் கழித்து அடுத்த போன், முற்றிலும் வேறொரு இடத்திலிருந்து. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கும் நாங்கள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். அதுவும் அச்சகத்து மாற்றியும் ஒரே லைப்ரரியை, அதாவது பல புரோகிராம்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொது நிரல் கோப்பை, நம்பி ஓடுபவை. அங்கே தேடலில் பாதிப் பேரைக் காணவில்லை. கோமதி இல்லை, சோமசுந்தரம் இல்லை, பொன்னுச்சாமி இல்லை. மாரியப்பனும் கருப்பாயியும் மட்டும் பத்திரமாக இருந்தார்கள்.

யார் காணாமல் போனார்கள் என்று எழுதி வைத்துப் பார்த்ததும் பொறி தட்டியது. பெயரில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ உள்ளவர்கள் மட்டும் தொலைந்திருந்தார்கள். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க, ஓகாரக்குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். க, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் ஒரே கோதான். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் சும்மா ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துக் கோவைகள். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய மாற்றி மூன்று துண்டாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. சங்கத்தின் தரவுத்தளத்தில் எல்லாப் பெயர்களும் மூன்று துண்டாகவே உட்கார்ந்திருந்தன. தேடுபவர் தட்டச்சு செய்வதும் அதே லைப்ரரியின் 'சீராக்கு' ஃபங்ஷன் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி) வழியே போய் மூன்று துண்டாகி, அதனால் பொருந்திக்கொண்டிருந்தது. தப்பும் தப்பும் கைகோத்துக்கொண்டு ஒழுங்காக வேலை பார்த்திருக்கின்றன. நான் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் இரண்டு துண்டு வடிவத்துக்குச் சீராக்கினேன். தேடலில் புது வடிவம், தரவில் பழைய வடிவம். கோமதி தொலைந்தது அப்படித்தான்.

அன்றிரவே அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன். வெளியீட்டுத் திருத்தம் மட்டும் நின்றது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்: ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தப் போய் ஒரு சங்கத்துத் தேடலைக் கெடுக்க முடிகிறது என்றால், அந்த லைப்ரரியை அப்படியே விட்டு வைக்க முடியாது.

அந்த லைப்ரரியைப் பற்றி. 2014இல் ஒரே ஓர் அச்சக வேலைக்காக எழுதினேன். பைத்தான் நிரல்மொழி, ஒரே கோப்பு. பிறகு ஒவ்வொரு வேலை வரும்போதும் "அதான் நம்ம கிட்ட இருக்கே" என்று தூக்கிக்கொண்டு போனோம். பழுது பார்க்க உட்காரும்போது ஐந்து புரோகிராம்கள் அதை நம்பி இருந்தன. கோப்பு 2,317 வரிகள். அதில் 'மாற்று' என்ற ஒரே ஃபங்ஷன் 641 வரிகள். குறை சொல்ல வேறு ஆள் கிடையாது. முக்கால்வாசி நான் எழுதியது.

இந்த மாதிரிக் கோடுக்கு, அதாவது நிரலுக்கு, 'கோட் ஸ்மெல்' என்று பெயர். கென்ட் பெக் கொடுத்த பெயர். 1999இல் வந்த மார்ட்டின் ஃபௌலரின் மறுசீரமைப்புப் புத்தகத்தில் இருவரும் சேர்ந்து எழுதிய அத்தியாயத்தால் பரவியது. குழந்தையின் துணி நாறினால் மாற்று என்ற பாட்டி வைத்தியத்திலிருந்து எடுத்த உவமை அது. நாங்கள் 'வாடை' என்கிறோம். வாடை என்பது பிழை இல்லை. அடுப்படியில் கேஸ் வாடை வந்தால் சமையல் நடக்கத்தான் செய்யும், ஆனால் யாரும் தீக்குச்சி உரசத் துணிய மாட்டார்கள். கோடிலும் அந்தத் தயக்கம்தான் செலவு. ஒரு வரி மாற்ற அரை நாள் யோசிக்க வேண்டியிருக்கும்.

சொந்தப் புரோகிராமுக்குள் வாடை இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்துவிடலாம். ஐந்து பேர் புழங்கும் லைப்ரரியில் அப்படி முடியாது. அவர்கள் அந்த வாடையோடு சேர்த்துக் குடித்தனம் நடத்தப் பழகியிருப்பார்கள். நான் குறை என்று நினைத்த மூன்று துண்டு 'கோ'வை ஒருவர் அஸ்திவாரமாக வைத்துக் கட்டிவிட்டார். கூகுளில் பொறியாளராக வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். எங்களுக்கு ஐந்தே பேர் போதுமானதாக இருந்தது.

அதனால் கோடைத் தொடுவதற்கு முன் வாசலில் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஐந்து புரோகிராம்களிலும் தேடி, யார் எந்த ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். லைப்ரரியில் 43 ஃபங்ஷன்கள். கூப்பிடப்படுபவை 17. இதில் மூன்று, பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டு "இது உள் வேலைக்கு மட்டும்" என்று நான் ஒதுக்கி வைத்தவை. பைத்தானில் அந்த அடிக்கோடு ஒரு மரியாதைக் குறிதான், பூட்டு இல்லை. ஒரு புரோகிராம் இன்னும் ஒரு படி மேலே போய், லைப்ரரியின் உள்ளே இருக்கும் எழுத்து அட்டவணையையே நேராக எடுத்து அதில் தன் பங்குக்கு நாலு வரி சேர்த்துக்கொண்டிருந்தது. சமையலறைக்குள் வந்து குழம்பில் உப்புப் போடுகிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. நான் அட்டவணையின் வடிவத்தை மாற்றினால் அந்தப் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். என்னிடம் சொல்லாமல் செய்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால், புது எழுத்துச் சேர்க்க முறையான வழி எதையும் நான் கொடுத்திருக்கவே இல்லை.

தாளில் இன்னொன்றும் தெரிந்தது. ஐந்தாவது புரோகிராம் அகரவரிசைக்கு எங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடவில்லை. அந்த எண்பது வரிகளையும் அப்படியே நகலெடுத்துத் தன் கோப்பில் வைத்திருந்தது. ஏன் என்று அதை எழுதிய தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணா, வரிசைப்படுத்த மட்டும்தான் வேணும். உங்க லைப்ரரியை இழுத்தா ஒன்பது எழுத்துரு அட்டவணையும் டிஸ்கிலிருந்து படிக்குது. ஸ்டார்ட் ஆகவே நேரமாகுது."

நியாயம்தான். எல்லா வேலையும் ஒரே கோப்பில் கிடந்ததால் ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருந்தது. அதன் விளைவு நகல். அவர் நகலெடுத்த பிறகு நான் மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தியிருந்தேன். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியே வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். குறியீட்டு வரிசையை நம்பினால் மனம் முதலில் வரும், மரம் பிறகு. அகராதியில் மரத்துக்குப் பிறகுதான் மனம். புள்ளி எழுத்தும் அப்படித்தான்: நம் வரிசையில் 'க்' முதலில், குறியீட்டு வரிசையில் 'கௌ'வுக்கும் பின்னால். மூலத்தில் திருத்திய இவை நகலில் திருந்தவில்லை. மறுபயன்பாட்டுக்கு என்று எழுதியது கனமாக இருந்ததால் மறுபயன்பாடே நடக்காமல் போயிருக்கிறது.

அடுத்தது விடைத்தாள் தயாரிப்பு. ஐந்து இடங்களிலிருந்தும் உண்மையான கோப்புகள் வாங்கி, சுமார் ஆறாயிரம் வரிகளைப் பழைய லைப்ரரியில் ஓட்டி வெளியீட்டைப் பத்திரப்படுத்தினேன். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன செய்கிறதோ அது மட்டும். நாளை நான் எதைத் தொட்டாலும் எங்கே மாறியது என்று இது காட்டிக் கொடுக்கும். முதலில் வெறும் உரையாகச் சேமித்து, வித்தியாசங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம். இரண்டு 'கோ'வும் கண்ணுக்கு ஒன்றுதானே. அப்புறம் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் குறியீட்டு எண்ணையும் எழுதச் செய்தேன். அன்றிலிருந்துதான் விடைத்தாளுக்கு உயிர் வந்தது.

இனி அந்த 641 வரி ஃபங்ஷன். உள்ளே பெரிய தத்துவம் எதுவும் இல்லை. "இதை எடுத்து அதைப் போடு" என்று நூற்றுக்கணக்கான வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. கொம்பு-க-கால் வந்தால் கொ, கொம்பு-க வந்தால் கெ, வெறும் க வந்தால் க. பிறகு ங, பிறகு ச என்று ஒவ்வொரு மெய்க்கும் அதே பாட்டு. நீளம் கூடப் பரவாயில்லை. வரிசை மாறினால் எல்லாம் கெடும், ஆனால் வரிசை முக்கியம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதுதான் வாடை.

ஒரு பழைய சம்பவம் சொன்னால் புரியும். பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளி விசையைத் தட்டினால் இ வரும். காற்புள்ளி வேண்டுமென்றால் 'பெரியது' குறியை (>) தட்ட வேண்டும். ஆகவே மாற்றியில் முதலில் காற்புள்ளியை எல்லாம் இகரமாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெரியது குறியைக் காற்புள்ளியாக மாற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நல்ல நோக்கத்தோடுதான், அந்த வரிகளைக் கண்ணுக்கு அழகாக நிறுத்தற்குறிகள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம் என்று அடுக்கினாள். நிறுத்தற்குறிகள் மேலே போயின. பெரியது குறி காற்புள்ளியானது, அந்தக் காற்புள்ளி அடுத்த கட்டத்தில் இகரமானது. "வாழை, மா, பலா" என்பது "வாழைஇ மாஇ பலா" என்று வந்து நின்றது. சங்க இலக்கிய அளபெடை மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது விதைக்கடை விலைப்பட்டியல்.

அன்று அவளைக் கடிந்துகொண்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால் தவறு என்னுடையது. அடுக்கினால் உடைகிற பொருளைக் கண்ணாடி என்று சொல்லாமல் வைத்தது நான்.

புதிதாக எழுதும்போது முதலில் செய்தது, மாற்றுவதை ஒரே நடையில் முடிப்பது. அட்டவணை தனிக் கோப்பு. அதிலுள்ள எல்லா விசைக் கோவைகளையும் ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் ஒரே வடிவமாகச் சேர்த்து, உரையை இடமிருந்து வலமாக ஒரே முறை நடக்க வைத்தேன். ஒரு முறை மாறியது மறுபடி மாற்றத்துக்கு வராது. காற்புள்ளிச் சண்டை அதோடு தீர்ந்தது. இதில் கவனிக்க ஒன்று: பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நீளமானதைத் தேடாது, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அதனால் கோவைகளை நீளத்தின்படி இறங்குவரிசையில் அடுக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த அடுக்கலை இப்போது புரோகிராமே செய்கிறது, அட்டவணையில் யார் எப்படி எழுதினாலும் கவலை இல்லை. முதல் ஓட்டம் பிழை காட்டி நின்றது. பாமினியில் ஜகரத்துக்குச் சதுர அடைப்புக்குறி. ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு அது தனி அர்த்தம் உள்ள குறி. அந்தத் தனி அர்த்தத்தை நீக்கி வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளச் செய்யும் ஃபங்ஷன் வழியே அனுப்ப மறந்திருந்தேன். அரை மணி நேரம் ஜகரத்தோடு போனது.

இரண்டாவது, இடமாற்றத்தை மெய்க்கு மெய் எழுதாமல் ஒரே விதியாக்கினேன்: முன்கொம்பு, மெய், பின்னால் கால் இருந்தால் கால். சுமார் 140 வரிகள் ஒன்பது வரியாகின. பெருமையாக விடைத்தாளை ஓட்டினேன், சிவப்பு. 'க்ஷேத்திரம்' என்பது 'கே்ஷத்திரம்' என்று வந்தது. கொம்பு க்ஷ முழுவதையும் தாண்டிப் போக வேண்டும், என் விதியோ 'க'வைத் தாண்டியதும் நிறுத்திவிட்டது. இந்த 'கே்ஷ'வையும் அச்சில் நிறையப் பார்த்திருக்கிறேன். எப்படி வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. பழைய கோடில் க்ஷவுக்கென்று ஒரு தனி வரி, எந்தக் குறிப்பும் இல்லாமல், 500வது வரிக்குப் பக்கத்தில் கிடந்தது. விடைத்தாள் இல்லாவிட்டால் அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கியெறிந்திருப்பேன். அசிங்கமான கோடில் இப்படி நாலைந்து வரிகள் அனுபவத்தைச் சுமந்துகொண்டு கிடக்கும்.

அடுத்த வாடை கூப்பிடுகிற விதத்தில். புரோகிராம்களில் இப்படி இருந்தது:

மாற்று(உரை, 1, ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூ)

கடைசி ட்ரூ எதற்கு? எழுதிய எனக்கே தெரியவில்லை, கோடைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆம், இல்லை என்று சொல்லும் இந்த ட்ரூ, ஃபால்ஸ் இடங்களுக்குக் கொடி என்று பெயர். ஒவ்வொரு கொடிக்குப் பின்னாலும் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். முதல் கொடி, நடுவே வரும் ஆங்கில வார்த்தைகளைத் தொடாதே என்று ஒரு பத்திரிகைக்காக வந்தது. இரண்டாவது, ஒரு பள்ளிச் சான்றிதழ் வேலையில் கிரந்தம் வேண்டாம் என்றதற்காக. மூன்றாவது வரி முறிவு. நான்காவது என்னவென்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. யாரும் பயன்படுத்தாத பழைய அச்சு இயந்திரம் ஒன்றுக்காகப் போட்டது. நான்கு கொடி என்றால் பதினாறு விதம். ஐந்து புரோகிராமும் சேர்ந்து பயன்படுத்தியவை நான்கு விதம். மிச்சம் பன்னிரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்று எவருக்கும் தெரியாது, ஆனால் கோடைத் தொடும்போதெல்லாம் அவற்றையும் நினைத்துப் பயப்பட வேண்டும்.

பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றினேன். பைத்தான் 3இல் அளவுருக்களுக்கு (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளுக்கு) நடுவே ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அதற்குப் பிறகு வருபவற்றைப் பெயரோடு எழுதாமல் கூப்பிட முடியாது. எழுத்துருவுக்கும் 1, 2 என்ற எண்கள் போய் பாமினி, வானவில் என்ற பெயர்களே வந்தன. பழைய ஆறு அளவுரு வடிவத்தை நீக்கவில்லை. அதே பெயரில் ஒரு மெல்லிய கூடு வைத்து, உள்ளே புதியதைக் கூப்பிட வைத்தேன். அந்தக் கூட்டின் வழியே போனால் மூன்று துண்டு 'கோ'தான் கிடைக்கும், பழையபடி. புதிய பெயரில் கூப்பிட்டால் சீரான இரண்டு துண்டு. கோமதியைத் தொலைத்த பாவத்துக்குப் பரிகாரம் இது. சங்கத்துக்காரர்கள் தங்கள் தரவை ஒரு ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிட்டுப் புதியதற்கு வந்தார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை, அவர்கள் வசதிக்கு. மாற்றும்போது இன்னொன்றும் அகப்பட்டது. பெயர்ப் பத்தியில் முப்பது குறியீடு என்று எல்லை வைத்திருந்தார்கள். மூன்று துண்டில் எல்லை நடுவில் வெட்டி, கால் போய், கடைசி எழுத்து 'சோ' என்பது 'சே' ஆன பெயர்கள் ஏழெட்டு இருந்தன. அவர்களாகவே கையால் திருத்தினார்கள்.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது ஒரே ஒரு வரி. கோப்பின் தலையில் 'கடைசி_எழுத்துரு' என்று ஒரு பொது மாறி. எழுத்துருவைச் சொல்லாமல் கூப்பிட்டால் சென்ற முறை கொடுத்ததையே எடுத்துக்கொள்ளும். 2014இல் ஒருவர் ஒரு கணினியில் ஒரு கோப்பு மாற்றும்போது இது வசதி. பிறகு இதே லைப்ரரி ஒரு வலைப் புரோகிராமுக்குள் போனது. அங்கே ஒரே செயல்முறைக்குள் பல இழைகள், அதாவது ஒரே நேரத்தில் பலருடைய வேலை நடக்கும். ஒருவர் வானவில் கோப்பை ஏற்றும் அதே நேரத்தில் இன்னொருவர் பாமினி கோப்பை ஏற்றினால், இவர் எழுத்துரு அவர் உரைக்குப் போய்விடும். எப்போதாவது, வாரத்துக்கு ஒன்று, ஒருவருக்கு முழுக் கோப்பும் புரியாத மொழியில் வரும். மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். ஒன்றரை வருடம் "நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வாடை அதே வாடைதான், இடம் மாறியதும் விஷமாகிவிட்டது. மாறியை எடுத்துவிட்டு, எழுத்துருவைச் சொல்லாவிட்டால் பிழை எழுப்பச் செய்தேன். இந்த ஒன்றில் மட்டும் பழைய நடத்தைக்குக் கூடு வைக்கவில்லை. இரண்டு புரோகிராம்கள் உடைந்தன. உடையட்டும் என்று தெரிந்தேதான் செய்தேன், அன்றே இரண்டையும் நானே திருத்திக் கொடுத்தேன்.

தொடாமல் விட்டதும் உண்டு. எண்ணை எழுத்தாக்கும் ஃபங்ஷன் இருநூறு வரி, இஃப்-எல்ஸ் காடு. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நம் எண்களே விதியை மீறுபவை. நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். பார்க்கச் சகிக்காது. ஆனால் ஆறு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை, தப்பாக ஒரு காசோலையும் போகவில்லை. அட்டவணை போட்டு அழகாக எழுத என் கை துறுதுறுத்தது. திறக்க வேண்டிய காரணம் வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். அதற்கு நேர்மாறாக, "நாளைக்குப் புது எழுத்துரு வந்தால்" என்று நான் கட்டி வைத்த செருகு நிரல் அமைப்பு (புதிய பகுதிகளை வெளியிலிருந்து எழுதிச் சேர்க்கும் வசதி), முந்நூறு வரி, முழுவதையும் அழித்தேன். ஒன்பது ஆண்டில் ஒரு செருகு நிரலும் யாரும் எழுதவில்லை. அழித்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

கோப்பையும் நான்காகப் பிரித்தேன்: மாற்றுவது, வரிசைப்படுத்துவது, எண்கள், சீராக்குவது. அட்டவணைகள் தேவைப்படும்போது மட்டும் திறக்கும். நகலெடுத்த தம்பி தன் எண்பது வரியை நீக்கிவிட்டு மூலத்தைக் கூப்பிட ஆரம்பித்தார்.

பழைய வடிவத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை போட்டதில் ஒரு கூத்து. 'இது கைவிடப்படப்போகிறது' என்று சொல்லும் 'டெப்ரிகேஷன் வார்னிங்' என்ற வகையில் போட்டேன். ஒரு மாதம் ஆயிற்று, யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மாறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பைத்தானில் அந்த வகை எச்சரிக்கை, நேரடியாக ஓட்டப்படும் முதன்மைக் கோப்பிலிருந்து எழுந்தால்தான் தெரியும். மற்ற மாட்யூல்களிலிருந்து வந்தால் இயல்பாகவே மறைந்துவிடும். என் எச்சரிக்கையைக் கேட்டவர் ஒருவருமில்லை. 'ஃபியூச்சர் வார்னிங்' வகைக்கு மாற்றியதும் மறுநாளே மூன்று போன்.

இப்போதைக்கு நான்கு புரோகிராம்கள் புதிய வாசலுக்கு வந்துவிட்டன. மிச்சமுள்ள ஒன்று இன்னும் பழைய ஆறு அளவுருவில்தான் ஓடுகிறது. பொங்கலுக்கு அப்புறம் பார்க்கிறேன் என்றிருக்கிறார்கள். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். வட்டார வழக்கில் எழுதிய ஒரு சிறுகதைத் தொகுப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார். "தம்பி, வெளியீடு சரியாயிருச்சு. ஆனா இந்தக் கதையில கிழவி வௌக்கமாத்தை எடுக்கா, பாத்துக்கோங்க."

பார்த்தேன். பேச்சு வழக்கில் 'வெளக்கமாறு'. எஸ்ஸுக்கு அடுத்து ககரம் வருவதால் என் விதி அதை ஔகாரம் என்று எடுத்துக்கொண்டது. எழுத்துத் தமிழில் வராத கோவை, பேச்சில் வருகிறது. விதிவிலக்குப் பட்டியல் என்று ஒரு தரவுக் கோப்பு வைத்திருக்கிறேன். அதில் வெளக்கமாறு என்று ஒரு வரி, அப்படியே வெளக்கு, வெளங்குது என்று இன்னும் இரண்டு. கோடைத் திறக்கவே இல்லை. விடைத்தாளை ஓட்டினேன், ஆறாயிரம் வரியும் பச்சை. அண்ணாச்சிக்குப் புதுப் பதிப்பை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.